போனில் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு, ஒரு பேனர் டிசைனரிடமிருந்து

“தெரியுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, உடனே போனைப் போட்டு நாம் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். அதற்கு எல்லாரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான், “தெரியுது தெரியுது, சொல்லு.” எந்தப் படம் தெரிகிறது, முழுசாகத் தெரிகிறதா பாதிதானா என்பதெல்லாம் அந்தத் “தெரியுது”வில் கிடையாது. பெரியவர்கள் என்றால் இன்னும் சிக்கல், கண்ணாடி எங்கே வைத்தோம் என்றே தெரியாத நேரத்திலும் “தெரியுதுப்பா” என்றுதான் சொல்வார்கள், இல்லை என்றால் நமக்குச் சிரமம் என்று நினைத்துக்கொண்டு.

நான் வடசென்னை தண்டையார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை, பேனர், விசிட்டிங் கார்டு டிசைன் செய்கிறவன். கடைக்கு நேரில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திருத்தம் சொல்கிறவர்கள் குறைந்துபோய், ப்ரூஃபை, அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்புகிற மாதிரிப் படத்தை, வாட்ஸ்அப்பில் வாங்கி எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் போனில் சொல்கிறவர்கள்தான் இப்போது அதிகம். அதனால் ஒரு படத்தைப் பற்றி, அதே படத்தை வேறு எங்கோ வேறு போனில் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளோடு பேசுவதுதான் பாதி நேரம் என் பிழைப்பு. ஆன்லைனில் சேலை பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்கிறவர்கள், வாடகை வீட்டுப் போட்டோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் இது ஒத்துவரும்.

முதல்ல ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறீர்களா?

சிரிக்காதீர்கள், பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான். ஒரு காதணி விழா பேனர் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, ப்ரூஃப் பாத்தீங்களா?”

“பாத்தேன்பா. பாட்டி பேரு தப்பா கீது பாரு.”

“எந்த இடத்துலண்ணே?”

“அதாம்பா, கீழ.”

கீழே என்றால் மூன்று இடம் இருக்கிறது. “இவண்” என்று போட்டு தாத்தா பாட்டி பேர் ஒரு இடம், சீர் கொண்டுவருகிற மாமன்மார் பேர் ஒரு இடம், ஓரமாக நீளப் பட்டையில் நண்பர்கள் பேர் ஒரு இடம். நான் மூன்றையும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்கிறேன், அவர் கண்ணு தெரியலையா என்கிறார். அப்புறம் விசாரித்தால் அவர் பார்ப்பது நேற்று அனுப்பிய ப்ரூஃப், நான் திறந்து வைத்திருப்பது இன்று காலையில் திருத்தியது. பாட்டி பேர் எப்போதோ சரியாகிவிட்டது.

இதற்கு நான் செய்வது சுலபமான காரியம். ஒவ்வொரு ப்ரூஃபிலும் மேல் ஓரத்தில், படத்துக்கு உள்ளேயே, பெரிசாக 1, 2, 3 என்று எண் போட்டுவிடுவேன். ஃபைல் பேரில் போட்டால் பிரயோஜனம் இல்லை, போட்டோவாக அனுப்பினால் ஃபைல் பேர் அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாது. “ஃபைனல்”, “ஃபைனல் புதுசு”, “ஒரிஜினல் ஃபைனல்” என்றெல்லாம் பேர் வைக்கிறவர்கள் அவர்களுக்கே குழி தோண்டிக்கொள்கிறார்கள். படத்தில் எண் இருந்தால் போனில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மேல என்ன நம்பர் போட்டிருக்கு, படிங்க?” அவரே வாயால் சொல்லவேண்டும். நாம் “மூணாம் நம்பர்தானே?” என்று எடுத்துக்கொடுத்தால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

எண் போட முடியாத படமாக இருந்தால், அதில் ஒரு ஓரத்தில் இருக்கிற ஏதாவது அற்பமான பொருளைக் கேளுங்கள். “கதவு பக்கத்துல நிக்கிறவர் என்ன கலர் சட்டை?” அந்தப் பதில் சரியாக வந்தால் படம் ஒன்றுதான், பேச்சைத் தொடரலாம்.

ஒரே படமாக இருந்தும் இருவர் கண்ணிலும் வேறு வேறாகத் தெரிவதற்கு வழிகள் நிறைய. நிறைய படங்களைச் சேர்த்து அனுப்பினால் வாட்ஸ்அப் நான்கை மட்டும் கட்டம் கட்டிக் காட்டிவிட்டு, நான்காவதன் மேல் +5 என்பதுபோல ஒரு எண்ணைப் போடும், மிச்சம் அதற்குப் பின்னால் இருக்கும். அந்த எண்ணைக் கவனிக்காத ஆளுக்கு நீங்கள் அனுப்பியது நான்கே படம். நீங்கள் “ஏழாவது படத்தைப் பாருங்க” என்றால் அவர் என்ன செய்வார்? இன்னொன்று, பத்திரிகை மாதிரி நீளவாக்கில் இருக்கிற படத்தை சாட்டில் மேலும் கீழும் வெட்டித்தான் காட்டும், தொட்டுத் திறந்தால்தான் முழுசு. திறக்காமலே “மண்டபம் பேரு போடலையே” என்று கூப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருத்தராவது உண்டு. மண்டபத்தின் பேர் கடைசி வரியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

லிங்க் அனுப்புவது இன்னும் ஆபத்து. ஷாப்பிங் சைட்டில் நீங்கள் அரக்குக் கலரைத் தேர்ந்தெடுத்துவிட்டு லிங்க்கை அனுப்புகிறீர்கள், அந்தப் பக்கம் திறந்தால் முதலில் வருவது கடைக்காரன் வைத்திருக்கிற வேறு கலராக இருக்கலாம். “நல்லாத்தான் இருக்கு, வாங்கிடு” என்று அம்மா சொல்லிவிடுவார், வீட்டுக்கு வந்த பிறகு “நான் பாத்தது இது இல்லையே” என்பார். ரெண்டு பேர் சொல்வதும் உண்மை. கம்ப்யூட்டரில் பார்க்கிறவருக்கு வலப்பக்கம் இருக்கிற படம் போனில் பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் கீழே போய்விடும், ஏனென்றால் அகலமான ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் வருவதெல்லாம் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். கூகுளில் தேடி “மூணாவது படம் பாரு” என்பதும் நிற்காது, தேடல் முடிவுகளின் வரிசை எல்லாருக்கும் ஒன்றாக வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆக, லிங்க் அனுப்பினாலும் கூடவே உங்கள் ஸ்கிரீனில் தெரிகிறதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், பேச்சு முழுக்க அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றியே இருக்கட்டும்.

ஸ்டேட்டஸில் வைத்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள், 24 மணி நேரத்தில் அது போய்விடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சோத்தாங்கை பக்கம்

காதணி விழா பேனரில் யார் போட்டோ எங்கே என்பது சாதாரண விஷயம் கிடையாது. குழந்தையை உட்காரவைத்துக் காது குத்துவது தாய்மாமன் மடியில், சீர் கொண்டு வருவதும் அவர், அவர் போட்டோ சின்னதாகப் போனாலோ ஓரத்துக்குப் போனாலோ விழாவில் சாப்பாடு இறங்காது. இந்த நிலைமையில் போனில் ஒருவர் “மாமாவை லெஃப்ட்ல போடு” என்கிறார். எந்த லெஃப்ட்? பேனரைப் பார்க்கிறவருக்கு இடமா, பேனரில் நடுவில் உட்கார்ந்திருக்கிற பாப்பாவுக்கு இடமா? போட்டோவில் நம்மைப் பார்த்து இருக்கிற ஆளின் இடது கை நமக்கு வலப்பக்கத்தில் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் மேடையில் யாருக்கு யார் எந்தப் பக்கம் என்ற கணக்கில் பேசுவார்கள், டிசைன் செய்கிறவன் ஸ்கிரீன் கணக்கில் கேட்பான். ரெண்டு பேரும் தெளிவாகத்தான் பேசுகிறார்கள், மாமாதான் மாறிப் போகிறார்.

லெஃப்ட், ரைட், இடது, வலது நான்கையும் தூக்கி வைத்துவிடுங்கள். எங்கள் ஏரியாவில் ஆட்டோவில் ஏறி வழி சொல்வதுபோல சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம் என்று கேட்டால் குழப்பம் குறைகிறது, ஏனென்றால் அந்த வார்த்தை பேசுகிற ஆளின் சொந்தக் கையைத்தான் காட்டும். “அண்ணே, போனைக் கண்ணுக்கு நேரா பிடிங்க. மாமா உங்க சோத்தாங்கை பக்கம் வரணுமா?” இதற்குத் தப்பான பதில் வந்ததை நான் பார்த்ததில்லை. (இடக்கையால் சாப்பிடுகிறவர் வந்தால் பார்த்துக்கொள்வோம்.) இல்லாவிட்டால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கட்டிவிடுங்கள்: “கோபுரம் இருக்கிற பக்கமா, குத்துவிளக்கு இருக்கிற பக்கமா?” படத்துக்குள் நகராமல் இருக்கிற பொருளைச் சொன்னால் யார் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

“ரெண்டாவது ஆளு” என்பதும் இதே கதைதான். எந்த வரிசை, எந்தக் கோடியிலிருந்து எண்ணினால்? “மேல் வரிசையில் கோபுரத்துப் பக்கமிருந்து ரெண்டாவது” என்று சொல்லவேண்டும். ஆறு பேருக்கு மேல் இருக்கிற பேனர் என்றால் நான் இரண்டு படம் அனுப்புகிறேன், ஒன்று பார்க்க, இன்னொன்று பேச. பேசுவதற்கான படத்தில் ஒவ்வொரு முகத்தின் மேலும் சிவப்பில் கொட்டை எழுத்தில் எண் இருக்கும். “7ஐயும் 4ஐயும் மாத்துங்க, 9 சித்தப்பா இல்ல பெரியப்பா” என்று பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், எண் இல்லாமல் இதே வேலை ஒரு சாயங்காலத்தைத் தின்னும். உங்களிடம் டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்புவதற்கு முன்னால் மேலே ஒரு பென்சில் ஐகான் வரும், விரலாலேயே எழுதலாம், வட்டம் போடலாம். அந்தப் பக்கம் இருப்பவரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வட்டம் போட்டு அனுப்பலாம், அதைச் செய்யச் சொல்லுங்கள். “இங்க”, “தோ இது”, “அந்த மாதிரி” எல்லாம் விரல் நீட்டிப் பேசுகிற பேச்சு, போனில் விரல் தெரியாது.

கண்ணாடித் திருப்பம் ஒன்று உண்டு. வீடியோ காலில் உங்கள் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு நேராகத்தான் போகும். முன் கேமராவில் பத்திரிகையைப் பிடித்துக் காட்டினால் எழுத்து உங்கள் ஸ்கிரீனில் தலைகீழாக, அதாவது வலமிடமாகத் தெரிகிறதே என்று பதறித் திருப்பவேண்டாம், அவருக்குச் சரியாகவே தெரியும். செல்ஃபியில் சில போன்கள் திருப்பிச் சேமிக்கும், சில நேராகச் சேமிக்கும், செட்டிங்கில் இருக்கிறது. சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்தால் படம் திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துவிடும், ஆண்கள் சட்டையில் அது பெரும்பாலும் இடது மார்பில்தான்.

எக்ஸ்ரே போட்டோவை சொந்தக்கார நர்ஸுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளி நமக்கு எதிரே நிற்பதாக வைத்துத்தான் பார்ப்பார்கள், அவருடைய இடப்பக்கம் படத்தில் நமக்கு வலப்பக்கமாக வரும். ஓரத்தில் எல் அல்லது ஆர் என்ற எழுத்து இருக்கும், அதையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். நாமே பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம்.

கலர் என்கிற வம்பு

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் தீபாவளி, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நின்று பார்த்தால், பாதிப் பேர் கையில் சேலை, மறு கையில் வீடியோ கால். “பச்சைன்னு சொன்ன, நீலமா கீதே!” “நீலம் இல்லம்மா, இது மயில்கழுத்து.” “எனக்கு நீலமாத்தான் தெரியுது.” சண்டை நடப்பது இரண்டு போனுக்கு நடுவில், திட்டு வாங்குவது சேலை மடிக்கிற பையன்.

ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் பாதி வம்பு குறையும். கேமரா வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்கிறேன் என்று சொல்லி நிறத்தையும் கொஞ்சம் நகர்த்திவிடும், கடைக்குள் இருக்கிற மஞ்சள் விளக்கில் ஒரு மாதிரி, வெள்ளை விளக்கில் வேறு மாதிரி. அது போக, பார்க்கிறவர் போனில் ராத்திரிக்குக் கண் கூசாமல் இருக்க மஞ்சளாக்குகிற மோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதைப் போட்டதே அவருக்கு மறந்திருக்கும். நீலம் மந்தமாகும், வெள்ளை சந்தனக் கலராகும். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தால் அரக்கு கறுப்பாகத் தெரியும். மயில்கழுத்து மாதிரி பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், துணியைச் சாய்க்கச் சாய்க்க நீலமும் பச்சையும் மாறி மாறி வரும், ஒரு போட்டோவில் ஒரு முகம்தான் விழும். அதற்கு போட்டோ எடுக்கவே கூடாது, துணியை மெல்ல அசைத்து சின்ன வீடியோ எடுக்கவேண்டும். 2015 பிப்ரவரியில் ஒரு கவுன் போட்டோவை வைத்து உலகமே நீலமும் கறுப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். நிஜத்தில் அது நீலமும் கறுப்பும். அப்போது ஒரே படத்தை ஒரே ஸ்கிரீனில் பார்த்த புருஷன் பொண்டாட்டிக்கே ஒத்துப்போகவில்லை, ரெண்டு போனில் பார்க்கிற நமக்கு எப்படி ஒத்துப்போகும்?

செய்யவேண்டியது இதுதான். சேலையைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நம் அம்மாக்கள் காலம் காலமாகச் செய்கிறது, கடைக்காரரும் தடுக்கமாட்டார், போட்டோவையும் அங்கேயே எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பேப்பரையோ பில்லையோ வைத்து எடுங்கள். அந்தப் பக்கம் பேப்பர் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் படத்தில் நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், சேலை நிறத்தையும் அவ்வளவு தள்ளிவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவரிடம் மஞ்சள் மோடை அணைத்து, வெளிச்சத்தை முழுசாக ஏற்றச் சொல்லுங்கள்.

பேர் சொல்வதிலும் ஒரு வழி இருக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று மொத்தமாகச் சொன்னால் ஆளுக்கொரு நிறம் மனசில் வரும். நம்மிடம் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், எலுமிச்சை, வெங்காயக் கலர், கத்தரிப்பூ, பாக்குக் கலர், காபிப்பொடி, ராணி பிங்க், ஆனந்தா ப்ளூ, எம்.எஸ். சுப்புலட்சுமி பேரால் நிற்கிற எம்.எஸ். ப்ளூ. இவற்றையும் ரெண்டு பேருக்கும் ஒரே அர்த்தம் என்று நம்பிவிடாதீர்கள், வெங்காயக் கலர் என்றால் சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா என்று எங்கள் வீட்டிலேயே தகராறு இருக்கிறது. நம்பகமான வழி, அந்தப் பக்கத்து வீட்டிலேயே இருக்கிற ஒரு பொருளைச் சொல்வது: “அத்தை நிச்சயதார்த்தத்துக்குக் கட்டினாங்களே, அதைவிட ஒரு சுத்து கருப்பு.” அத்தையின் சேலை பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். நிறக்குருடு இருக்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், ஆண்களில்தான் அதிகம், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. மாமா எத்தனை தடவை கேட்டாலும் “ரெண்டும் ஒரே கலர்தானே” என்றால் அவரை விட்டுவிடுங்கள், வேறு ஆளிடம் கேளுங்கள்.

பேனர் அடிக்கக் கொடுக்கிறவர்களுக்கு: போன் ஸ்கிரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, பிரிண்ட் மையால் காட்டுகிறது. ஸ்கிரீனில் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சையும் அடர் நீலமும் ஃப்ளெக்ஸில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். “போன்ல பாத்தது இது இல்ல” என்று டெலிவரி நாளில் சண்டைக்கு வருவதைவிட முன்னாலேயே ஒரு சின்னத் துண்டு பிரிண்ட் போட்டுப் பார்த்துக்கொள்வது மேல். கறுப்பு எழுத்தில் பின்னணி இல்லாத லோகோவை பிஎன்ஜியாக அனுப்பினால், டார்க் மோடு வைத்திருக்கிற ஆளுக்குக் கறுப்பின் மேல் கறுப்பு, ஒன்றுமே தெரியாமல் போகலாம், “வெறும் படம் அனுப்பிச்சிருக்க” என்பார். லோகோவுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை ஒன்று போட்டு அனுப்புங்கள்.

அளவும் தெளிவும்

படத்தில் அளவு தெரியாது. காசிமேட்டிலிருந்து தெரிந்த வியாபாரி “இன்னைக்கு வந்த வஞ்சிரம்” என்று போட்டோ அனுப்பினால், பக்கத்தில் அவர் கையோ தராசோ இல்லாவிட்டால் அது ரெண்டு கிலோவா நாலு கிலோவா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், பத்து ரூபாய்க் காசு, ஸ்கேல், செருப்பு, எதுவானாலும் சரி. (செவுள் சிவப்பாக இருக்கிறதா என்பதை போட்டோவில் நம்பவேண்டாம், மேலே சொன்ன விளக்கு விவகாரம் மீனுக்கும் பொருந்தும்.) வாடகை வீட்டுப் போட்டோவை 0.5 என்று வருகிற அகலக் கேமராவில் எடுத்தால் எட்டுக்கு எட்டு ரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், கட்டிலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லை அடிக்கணக்கைக் கேளுங்கள். அடிக்கணக்கு சொல்லும்போது எது அகலம் எது உயரம் என்று வாயால் சொல்லிவிடுங்கள், “பத்துக்கு எட்டு” என்று மட்டும் சொன்னால் படுத்த பேனரா நின்ற பேனரா என்று பிரிண்ட் எடுத்த பிறகுதான் தெரியும்.

“என் போன்ல கிளியராத்தானே இருக்கு” என்பது நான் அதிகம் கேட்கிற வசனம். யாருடைய டிபியையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மூன்று பேர் ஃபார்வர்டு செய்து, கடைசியில் எனக்கு வரும். போன் அகலம் ஏழு சென்டிமீட்டர், பத்து அடி பேனர் 305 சென்டிமீட்டர், நாற்பது மடங்குக்கு மேல் இழுக்கிறோம். போனில் கடுகளவு மங்கல் பேனரில் மூக்கையே காணாமல் செய்துவிடும். வாட்ஸ்அப் சும்மா போட்டோவாக அனுப்பினால் அளவைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்று தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் தேவலாம், டாக்குமென்ட் வழியாக அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். பிரிண்டுக்கு டாக்குமென்ட், பேசுவதற்கு சாதா போட்டோ, இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

மேப் படம் வைத்து வழி சொல்வது

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்களுக்கு ஒரு வசதி, கிழக்கே கடல். அதனால் மேப் ஸ்கிரீன்ஷாட் பார்த்துப் பேசும்போது முதல் கேள்வி, “கடல் எந்தப் பக்கம் தெரியுது?” சோத்தாங்கை பக்கம் என்றால் வடக்கு மேலே இருக்கிறது, சரி. வேறு எங்காவது என்றால் ரெண்டு விரல் பட்டு மேப் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் இருக்கிற திசைகாட்டியைத் தொட்டால் நேராகிவிடும். வண்டி ஓட்டிக்கொண்டே வழி காட்டுகிற மோடில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்றால் அது போகிற திசைக்குத் திரும்பியிருக்கும், எண்ணூரிலிருந்து வருகிறவர் எடுத்த படத்தில் கடல் பீச்சாங்கை பக்கம் இருக்கும், அதைப் பார்த்து ராயபுரத்துப் பக்கமிருந்து வருகிற ஆளுக்கு வழி சொன்னால் அவ்வளவுதான்.

மேப்பில் ஒரே பேர் ரெண்டு இடத்தில் இருக்கும். தண்டையார்பேட்டை என்று ரயில்வே ஸ்டேஷனும் இருக்கிறது, டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது, பக்கத்து பக்கத்தில் இல்லை. 2021இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு இந்தக் குழப்பம் எங்கள் கடைக்கு வழி கேட்கிறவர்களிடம் தினசரி. எழுத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் என்ன சின்னம் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். மேப்பிலேயே தெருவைக் காட்டுகிற போட்டோவில் மூலையில் எடுத்த மாதமும் வருஷமும் இருக்கும், அதையும் பாருங்கள், அதில் தெரிகிற டீக்கடை இப்போது மெடிக்கலாக மாறியிருக்கலாம்.

பேசிப் பார்த்தும் முடியவில்லை என்றால்

வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே ஸ்கிரீன் ஷேர் இருக்கிறது, நீங்கள் பார்ப்பதை அப்படியே அவர் பார்ப்பார், சுட்டிக்காட்டவேண்டிய இடத்தைப் பெரிசாக்கிக் காட்டலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், பேங்க் மெசேஜும் மச்சான் அனுப்புகிற மீமும் எல்லாருக்கும் தெரியவேண்டியதில்லை. நெட் விட்டு விட்டு வருகிற இடத்தில் ஸ்கிரீன் ஷேர் ரெண்டு மூன்று நொடி பின்னால் ஓடும், நீங்கள் “இது” என்று சொல்லும்போது அவர் பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம். பத்துத் திருத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால் எழுதிக்கொள்கிறவன் ஆறு எழுதுவான். சொல்லி முடித்ததும் அவன் வாயால் திருப்பிச் சொல்லவைக்கவேண்டும், நானும் வாடிக்கையாளரிடம் அப்படித்தான் சொல்லிக்காட்டுவேன், “பாட்டி பேர்ல ‘ள்’ இல்ல ‘ல்’, 4ல சித்தி, பின்னணி அரக்கு, சரியாண்ணே?” அப்புறம் அதையே மெசேஜாகவும் போட்டுவிடுவேன், அந்தப் படத்தை இழுத்து ரிப்ளை வைத்து, எந்தப் படத்துக்கு இந்தத் திருத்தம் என்று பின்னால் தேடவேண்டாம் என்பதற்காக. கடைசியில் வருகிற வெறும் “ஓகே”வை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்த எண்ணுக்கு ஓகே என்று எழுத்தில் வரவேண்டும், “5ஆம் நம்பர் ஓகே, பிரிண்ட் போடுங்க.” கட்டைவிரல் எமோஜி வந்தால் பார்த்தேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஃப்ளெக்ஸ் அடித்த பிறகு அதை வைத்து வழக்காட முடியாது.

குடும்ப குரூப்பில் ப்ரூஃபைப் போடவே போடாதீர்கள். பெரியப்பா நான்காம் நம்பரைப் பார்த்துக் கருத்துச் சொல்வார், சித்தி அதற்கு நடுவில் இரண்டாம் நம்பரை மறுபடி ஃபார்வர்டு செய்வார், யாரோ ஒருவர் வேறு வீட்டுப் பேனரைப் போட்டு “இந்த மாதிரி” என்பார். ஒரே ஒரு ஆள் பேசட்டும், அவர் வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு வந்து பேசட்டும். பட்டன் போன் வைத்திருக்கிற தாத்தாதான் முடிவு சொல்லவேண்டும் என்றால், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு கலர் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பேனாவும் கொடுங்கள். அவர் கிறுக்கிக் கொடுக்கிறதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் போதும்.